வெப் கன்சோல் வழியே டிப்ளாய்மென்ட்: கிளவுடிலும் சொந்த சர்வரிலும் செயலியை ஏற்ற ஒரு முழு வழிகாட்டி

முதல் முறை ஒரு செயலியை வெப் கன்சோல் வழியே ஏற்றியபோது எல்லாம் சரியாக நடந்த மாதிரிதான் தெரிந்தது. திரையில் பச்சை வந்தது, முகவரியைத் திறந்தால் பக்கமும் வந்தது. மறுநாள் சின்னத் திருத்தத்துடன் இரண்டாம் பதிப்பை ஏற்றினேன். அது எழுந்திருக்கவே இல்லை. சரி, பழையதற்குத் திரும்பலாம் என்று பார்த்தால், பழைய இமேஜுக்கு (செயலியையும் அது ஓடத் தேவையானவற்றையும் ஒன்றாகக் கட்டிய பொதிக்கு) வைத்திருந்த பெயரையே புதியதற்கும் வைத்து அதன் மேலேயே ஏற்றியிருந்தேன். திரும்பிப் போக இடமே இல்லை. அன்று முதல் ஒரு வழக்கம் வைத்திருக்கிறேன்: திரும்பி வரும் வழியைக் கண்ணால் பார்த்த பிறகுதான் ‘டிப்ளாய்’ பொத்தானைத் தொடுவேன். இந்த வழிகாட்டி முழுவதும் அந்த வழக்கத்தைச் சுற்றித்தான் போகும்.

உதாரணத்துக்கு ஒரு செயலியை வைத்துக்கொள்வோம். நூலகத்தில் யார் எந்தப் புத்தகத்தை இரவல் வாங்கினார்கள் என்று பதியும் சிறிய வலைச் செயலி. அது கன்டெய்னர் இமேஜாக இருக்கிறது (அந்தப் பொதி தனித்து ஓடும் கூடுதான் கன்டெய்னர்), 8080 போர்ட்டில் கேட்கிறது, தரவை போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸில் வைக்கிறது, புத்தக அட்டைப் படங்களைச் சேமிக்கிறது. இதைக் கிளவுடிலோ நம் சொந்த சர்வரிலோ, பிரவுசரை விட்டு அதிகம் வெளியே போகாமல் ஏற்ற வேண்டும்.

## எந்தக் கன்சோல், எந்த இடம்

வெப் கன்சோல் என்ற ஒரே பெயரில் மூன்று வகைக் கருவிகள் இருக்கின்றன. ஒன்று, அமேசான், அசூர், கூகுள் போன்ற கிளவுட் நிறுவனங்களின் கன்சோல். இரண்டு, கன்டெய்னர்களை நிர்வகிக்கும் மேடைகளின் கன்சோல்: ஓப்பன்ஷிஃப்ட், ரேஞ்சர், போர்ட்டெய்னர் மாதிரியானவை. மூன்று, ஒற்றை லினக்ஸ் இயந்திரத்தை பிரவுசரிலிருந்து பார்த்துக்கொள்ள உதவும் காக்பிட் போன்றது.

கிளவுடிலும் சொந்த சர்வரிலும் ஒரே மாதிரி வேலை செய்ய வேண்டும் என்றால் இரண்டாம் வகைதான் வசதி. அவற்றில் பெரும்பாலானவை, பல இயந்திரங்களில் கன்டெய்னர்களை ஓட்டி நிர்வகிக்கும் குபர்நெட்டிஸ் என்ற மென்பொருளின் மேல் நிற்பதால், ஓரிடத்தில் கற்றது இன்னோரிடத்தில் அப்படியே பயன்படும். இங்கே பெரும்பாலும் அதையே பேசுகிறேன். ஒரே ஒரு இயந்திரம்தான் இருக்கிறது என்பவர்களுக்கு பின்னால் தனியாக ஒரு பகுதி உண்டு.

திரையில் பார்க்க இரண்டு இடமும் ஒன்றுபோல இருந்தாலும், திரைக்குப் பின்னால் பெரிய வித்தியாசம் இருக்கிறது. கிளவுடில், வரும் கோரிக்கைகளைப் பங்கிட்டு அனுப்பும் ‘லோட் பேலன்சர் வேண்டும்’ என்று தேர்ந்தெடுத்தால் சில நிமிடங்களில் ஒரு வெளி முகவரி வந்துவிடும். சொந்த சர்வரில் நிறுவிய குபர்நெட்டிஸில் அதையே தேர்ந்தெடுத்தால் முகவரி இடத்தில் ‘பெண்டிங்’ என்று நின்றுகொண்டே இருக்கும். முகவரி கொடுக்க அங்கே யாரும் இல்லை என்பதுதான் காரணம். மெட்டல்எல்பி போன்ற, முகவரி கொடுக்கும் ஒரு மென்பொருளை முன்பே நிறுவியிருக்க வேண்டும், அல்லது 30000 முதல் 32767 வரையுள்ள நோட்போர்ட் எண்களில் ஒன்றைத் திறந்து, அதற்கு முன்னால் சொந்தமாக ஒரு ப்ராக்ஸி வைக்க வேண்டும்.

டிஸ்க் விஷயமும் இதே கதைதான். சேமிப்பிடம் கேட்டதும் கிளவுட் தானாகவே ஒரு டிஸ்க் உருவாக்கித் தரும். சொந்த இடத்தில், ஸ்டோரேஜ் கிளாஸ் (டிஸ்க்கை எங்கிருந்து, எப்படி உருவாக்குவது என்ற அமைப்பு) அமைக்காமல் விட்டிருந்தால் அந்தக் கோரிக்கையும் காத்துக்கொண்டே நிற்கும். ஆகவே சொந்த சர்வர் என்றால் முதல் வேலை, அதைப் பராமரிப்பவரிடம் நான்கு கேள்வி கேட்பது: வெளி முகவரி எப்படிக் கிடைக்கும்? டிஸ்க் எங்கிருந்து வரும்? இமேஜ்களைச் சேமித்து வைக்கும் ரெஜிஸ்ட்ரி எங்கே இருக்கிறது? இயந்திரங்களின் கடிகாரத்தை யார் சரிபார்க்கிறார்கள்? கடைசிக் கேள்வி அற்பமாகத் தோன்றலாம். ஆனால் கடிகாரம் தள்ளிப் போனால், சர்வரின் அடையாளத்தை உறுதிசெய்யும் சான்றிதழ்கள் ‘இன்னும் செல்லாதவை’ என்றோ ‘காலாவதியானவை’ என்றோ நிராகரிக்கப்படும். பிழைச் செய்தியைப் பார்த்து கடிகாரத்தை யாரும் சந்தேகிக்க மாட்டார்கள்.

## கன்சோலைத் திறக்கும் முன்பே செயலியில் செய்ய வேண்டியவை

கன்சோலில் தெரியும் பிழைகளில் பாதிக்கு மேல் செயலியிலிருந்து வருபவை என்பது என் அனுபவம். அதனால் இங்கே நேரம் செலவிடுங்கள்.

முதலில் கேட்கும் முகவரி. நம் கணினியில் உருவாக்கும்போது செயலி 127.0.0.1 முகவரியில் கேட்பது வழக்கம். கன்டெய்னருக்குள் அந்த முகவரி கன்டெய்னருக்கு மட்டுமே சொந்தம். வெளியிலிருந்து வரும் கோரிக்கை எதுவும் அதைத் தொடாது. செயலி நன்றாக ஓடுவதாக லாக் (செயலி எழுதும் பதிவுகள்) சொல்லும், பிரவுசரிலோ பக்கம் வராது. 0.0.0.0 முகவரியில் கேட்கும்படி மாற்றுங்கள். போர்ட் எண்ணை 1024-க்கு மேல் வையுங்கள். அதற்குக் கீழுள்ள எண்களைப் பிடிக்க லினக்ஸில் வழக்கமாகக் கூடுதல் உரிமை தேவை. செயலியை, எல்லா உரிமையும் உள்ள ரூட் பயனராக ஓட்டுவதோ நல்ல பழக்கம் இல்லை. ஓப்பன்ஷிஃப்ட் இதில் இன்னும் கண்டிப்பு. இமேஜில் நீங்கள் எந்தப் பயனரை எழுதியிருந்தாலும், இயல்பாக அது தானே ஒதுக்கும் ஒரு பயனர் எண்ணில்தான் கன்டெய்னரை ஓட்டும். செயலி எழுத வேண்டிய கோப்புறைகள் 0 என்ற குழு எண்ணுக்கு எழுதும் உரிமை தந்திருந்தால் மட்டுமே அங்கே சிக்கலின்றி ஓடும்.

அடுத்து அமைப்புகள். டேட்டாபேஸ் முகவரி, கடவுச்சொல், மின்னஞ்சல் சர்வர் எல்லாம் இமேஜுக்கு வெளியே, என்விரான்மென்ட் வேரியபிளாக (தொடங்கும்போது வெளியிலிருந்து கொடுக்கும் மதிப்பாக) இருக்க வேண்டும். சோதனைச் சூழலில் ஓடிய அதே இமேஜ், ஒரு எழுத்தும் மாறாமல், உண்மையான பயனர்கள் பயன்படுத்தும் ப்ரொடக்‌ஷனுக்குப் போக வேண்டும். ஒவ்வொரு சூழலுக்கும் தனி இமேஜ் கட்டினால், நீங்கள் சோதித்தது ஒன்று, ஏற்றியது வேறொன்று என்றாகிவிடும்.

லாகை கோப்பில் எழுதாமல் நேரே திரைவெளியீட்டுக்கு அனுப்புங்கள். கன்சோலின் லாக் பக்கம் அதைத்தான் காட்டும். ‘நான் நலம்’ என்று பதில் சொல்லும் ஒரு சிறு பாதையைச் செயலியில் வையுங்கள். பின்னால் அதற்குப் பெரிய வேலை இருக்கிறது. நிறுத்தச் சொல்லும் சிக்னல் வந்தால், கையில் உள்ள கோரிக்கைகளை முடித்துவிட்டு வெளியேறும்படி எழுதுங்கள். குபர்நெட்டிஸ் அந்தச் சிக்னலை அனுப்பிவிட்டு இயல்பாக 30 விநாடி காத்திருக்கும். அதற்குள் முடியாவிட்டால் வலுக்கட்டாயமாக நிறுத்திவிடும்.

அட்டைப் படங்களை கன்டெய்னருக்குள் சேமிக்கவே கூடாது. கன்டெய்னர் மாறும்போது அவையும் போய்விடும். டிஸ்க் ஒன்றை இணைக்கலாமே என்று தோன்றும். ஆனால் பெரும்பாலான டிஸ்க் வகைகளை ஒரு நேரத்தில் ஒரே இயந்திரத்தில்தான் இணைக்க முடியும். செயலியின் இரண்டாம் பிரதி வேறு இயந்திரத்தில் எழ முயன்றால் டிஸ்க்குக்காகக் காத்தே நின்றுவிடும். எல்லாப் பிரதிகளும் வலை வழியே எட்டும் கோப்புச் சேமிப்பிடமான ஆப்ஜெக்ட் ஸ்டோரேஜில் வைப்பதுதான் நிம்மதி.

கடைசியாக, இமேஜின் பெயர். ‘லேட்டஸ்ட்’ என்ற குறியீட்டை மறந்துவிடுங்கள். 1.4.2 மாதிரி ஒவ்வொரு கட்டுமானத்துக்கும் ஒரு புதிய எண் கொடுங்கள். ஒருமுறை கொடுத்த எண்ணை வேறு இமேஜுக்கு மறுபடி பயன்படுத்தாதீர்கள். ஆரம்பத்தில் சொன்ன என் தவறு இதுதான். பல ரெஜிஸ்ட்ரிகளில், கொடுத்த குறியீட்டை மேலெழுத விடாமல் தடுக்கும் அமைப்பே உண்டு. அதை இயக்கிவிட்டால் நம் மறதிக்கு இடமில்லை. இன்னொன்று: உங்கள் மடிக்கணினி ஆர்ம் சிப்பில் ஓடி, சர்வர் இன்டெல் அல்லது ஏஎம்டி சிப்பில் ஓடினால், சர்வரின் சிப் வகைக்கென்றே இமேஜைக் கட்ட வேண்டும். இல்லாவிட்டால் லாகில் ‘எக்ஸெக் ஃபார்மட் எரர்’ என்ற ஒற்றை வரியோடு கன்டெய்னர் விழுந்துவிடும்.

## உள்ளே நுழைவது

கிளவுட் கணக்கைத் தொடங்கிய முதன்மைக் கணக்கில் அன்றாட வேலை செய்யாதீர்கள். அதற்கு இரு அடுக்குச் சரிபார்ப்பு போட்டு, பத்திரமாக மூடி வைத்துவிடுங்கள். டிப்ளாய் செய்வதற்கு, அதற்குத் தேவையான உரிமை மட்டும் உள்ள தனிப் பயனரையோ ரோலையோ உருவாக்குங்கள். சொந்த சர்வரின் கன்சோலை இணையத்துக்கு நேரே திறந்து வைக்காமல், விபிஎன் வழியே மட்டும் எட்டும்படி வையுங்கள்.

சூழல்கள் குழம்புவதைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். ஒரு மாலையில் ஸ்டேஜிங் (சோதனைச் சூழல்) டேப் என்று நினைத்து ப்ரொடக்‌ஷன் டேப்பில் பிரதிகளின் எண்ணிக்கையை 0 ஆக்கிவிட்டேன். இரண்டு திரையும் அச்சில் வார்த்தது போல ஒன்றாக இருந்தன. சில நிமிடங்களில் சரிசெய்தாலும் அந்தப் பதற்றம் மறக்கவில்லை. இப்போது ப்ரொடக்‌ஷனுக்கென்று தனி பிரவுசர் ப்ரொஃபைல், அதற்குச் சிவப்பு நிறம். அதோடு, அன்றாடம் பார்ப்பதற்கு வெறும் வாசிப்பு உரிமை உள்ள கணக்கு. மாற்றம் செய்யும் நாளில் மட்டும் எழுதும் உரிமை உள்ள கணக்கு. கொஞ்சம் சிரமம்தான், ஆனால் இதைக் கட்டாயமாகவே பரிந்துரைக்கிறேன்.

உள்ளே போனதும் செயலிக்கென்று ஒரு நேம்ஸ்பேஸ், அதாவது தனிப் பகுதி, உருவாக்குங்கள். ஓப்பன்ஷிஃப்டில் இதை ப்ராஜெக்ட் என்பார்கள். கிளவுடில் ரீஜன் (சர்வர்கள் இருக்கும் ஊர்ப்பகுதி) கேட்டால், டேட்டாபேஸ் எந்த ரீஜனில் இருக்கிறதோ அதையே தேர்ந்தெடுங்கள். ஒரு பக்கத்தைக் காட்ட 20 முறை டேட்டாபேஸைக் கேட்கும் செயலிக்கு, ஒவ்வொரு முறையும் தூரம் கூடினால் பக்கம் திறக்க வெகு நேரமாகும்.

## ரகசியங்கள், பிறகு டேட்டாபேஸ்

கன்சோலின் ‘சீக்ரெட்’ பக்கத்தில் டேட்டாபேஸ் கடவுச்சொல்லை இடுங்கள். அது திரையில் புரியாத எழுத்துகளாகத் தெரிவதால் மறையாக்கம் ஆகிவிட்டது என்று நினைத்துவிடக் கூடாது. குபர்நெட்டிஸ் காட்டுவது பேஸ்64 என்ற எழுத்து மாற்றம்தான். யார் வேண்டுமானாலும் திருப்பிப் படிக்கலாம். ஆகவே அந்த நேம்ஸ்பேஸில் சீக்ரெட்டைப் படிக்கும் உரிமை யாருக்கெல்லாம் இருக்கிறது என்று பாருங்கள். சேமிக்கும் இடத்தில் மறையாக்கம் இயக்கப்பட்டிருக்கிறதா என்று நிர்வாகியிடம் கேளுங்கள்.

இன்னொரு பொறி: சீக்ரெட்டை என்விரான்மென்ட் வேரியபிளாகக் கொடுத்திருந்தால், கன்சோலில் அதன் மதிப்பை மாற்றுவதால் மட்டும் ஓடிக்கொண்டிருக்கும் செயலிக்கு எதுவும் தெரியாது. மறுபடி தொடங்கினால்தான் புது மதிப்பு போகும். கடவுச்சொல்லை மாற்றிவிட்டு ‘எல்லாம் ஓடுகிறது’ என்று போய்விட்டால், பிறகு எப்போதோ பிரதி ஒன்று தானாக மறுதொடக்கம் ஆகும் நேரத்தில்தான் உங்கள் எழுத்துப் பிழை வெளியே வரும். மாற்றியதும் ‘ரீஸ்டார்ட்’ செய்து, அப்போதே பார்த்துவிடுங்கள்.

டேட்டாபேஸைத் தனிப்பட்ட வலையில் வையுங்கள். போஸ்ட்கிரெஸின் 5432 போர்ட்டுக்கு, செயலி இருக்கும் சப்நெட்டிலிருந்து (வலையின் உட்பிரிவிலிருந்து) மட்டும் அனுமதி. சோதிக்கும் அவசரத்தில் ஃபயர்வால் விதியில் ‘எங்கிருந்தும்’ என்று திறந்துவிட்டு மூட மறப்பது மிகச் சாதாரணமாக நடக்கிறது. அதைச் செய்யாமலே இருந்துவிடுவது நல்லது.

டேட்டாபேஸின் அட்டவணை அமைப்பை மாற்றும் வேலையைச் செயலியின் தொடக்கத்தில் வைக்க வேண்டாம். மூன்று பிரதிகள் ஒரே நேரத்தில் எழுந்தால் மூன்றும் அதைச் செய்யப் பார்க்கும். கன்சோலில் ‘ஜாப்’ என்ற வகை உண்டு. ஒருமுறை ஓடி முடிந்துவிடும். பேக்கப் எடுத்து, பிறகு அந்த ஜாபை ஓட்டி, அது வெற்றியாக முடிந்த பிறகே செயலியை ஏற்றுங்கள்.

இங்கேதான் திரும்பி வரும் வழி பெரும்பாலும் அடைபடுகிறது. செயலியைப் பழைய பதிப்புக்குக் கொண்டுபோக கன்சோலில் பொத்தான் இருக்கிறது. டேட்டாபேஸுக்கு அப்படி ஒரு பொத்தான் கிடையாது. ‘வாசகர்’ என்ற நெடுவரிசையின் பெயரை ‘உறுப்பினர்’ என்று மாற்றிவிட்டால் பழைய செயலி அதைத் தேடித் தோற்றுவிடும். அதனால் இதை நான்கு தவணையாகச் செய்யுங்கள். முதல் வெளியீட்டில் புது நெடுவரிசையைக் கூடுதலாகச் சேர்த்து, செயலி இரண்டிலும் எழுதட்டும். பழைய தரவையும் அதில் நிரப்பிவிடுங்கள். அடுத்த வெளியீட்டில் புதியதிலிருந்து மட்டும் படிக்கட்டும். சில நாள் நிலையாக ஓடிய பிறகு வரும் வெளியீட்டில் பழையதில் எழுதுவதை நிறுத்துங்கள். அதுவும் நிலையாக ஓடிய பிறகே, கடைசித் தவணையாகப் பழைய நெடுவரிசையை நீக்குங்கள். ஒவ்வொரு கட்டத்திலும் முந்தைய பதிப்பு உயிரோடு ஓட முடியும்.

## டிப்ளாய்மென்ட் படிவம்

சரி, இப்போது முக்கியத் திரை. ‘கன்டெய்னர் இமேஜிலிருந்து உருவாக்கு’ என்ற பொருளில் ஒரு தேர்வு இருக்கும். இமேஜின் முழுப் பெயரையும் எண்ணையும் இடுங்கள். ரெஜிஸ்ட்ரி தனிப்பட்டது என்றால் அதற்கான லாகினையும் ஒரு சீக்ரெட்டாக இணைக்க வேண்டும். போர்ட் 8080. முன்பு உருவாக்கிய சீக்ரெட்டை என்விரான்மென்ட் பகுதியில் இணையுங்கள். பிரதிகள் 2.

பலர் இதோடு ‘கிரியேட்’ அழுத்திவிடுவார்கள். மீதியுள்ள மூன்று பகுதிகளைத்தான் நான் நிதானமாகப் பார்க்கச் சொல்கிறேன்.

முதலாவது மெமரி, சிபியு. ஒவ்வொன்றுக்கும் ‘ரிக்வெஸ்ட்’, ‘லிமிட்’ என்று இரண்டு எண்கள். ரிக்வெஸ்ட் என்பது இடம் பிடித்து வைப்பது. அந்த அளவு காலியாக உள்ள இயந்திரத்தில்தான் பிரதி போய் அமரும். லிமிட் என்பது தாண்டக் கூடாத எல்லை. இரண்டு வளங்களும் எல்லையில் நடந்துகொள்ளும் விதம் வேறு. சிபியு எல்லையைத் தொட்டால் செயலி மெதுவாகும், அவ்வளவுதான். மெமரி எல்லையைத் தாண்டினால் செயலி உடனே கொல்லப்படும். வெளியேறும் எண் 137 என்று பதிவாகும். அளவு தெரியாதபோது, ஸ்டேஜிங்கில் ஒரு நாள் ஓடவிட்டு, கன்சோலின் மெட்ரிக்ஸ் பக்கத்தில் உச்ச அளவைப் பாருங்கள். உச்சம் 300 எம்பி என்றால் எல்லையை 512 எம்பியில் வைக்கலாம்.

இரண்டாவது நலச் சோதனைகள். ‘ரெடினெஸ்’, ‘லைவ்னெஸ்’ என்று இரண்டு. பெயர்கள் நெருக்கமாக இருந்தாலும் விளைவுகள் வெகு தூரம். ரெடினெஸ் தோற்றால் அந்தப் பிரதிக்குக் கோரிக்கை அனுப்புவது நிற்கும். பிரதி அப்படியே இருக்கும். லைவ்னெஸ் தோற்றால் கன்டெய்னர் கொன்று மறுபடி தொடங்கப்படும். இதில் ஒரு கடுமையான தவறு நடப்பதைப் பார்த்திருக்கிறேன்: லைவ்னெஸ் சோதனைக்குள் டேட்டாபேஸ் இணைப்பையும் சோதிப்பது. டேட்டாபேஸ் அரை நிமிடம் தடுமாறினால் எல்லாப் பிரதிகளும் ஒன்றாகக் கொல்லப்பட்டு, எல்லாம் ஒன்றாக எழுந்து, ஏற்கெனவே மூச்சு வாங்கும் டேட்டாபேஸின் மேல் ஒரே நேரத்தில் புது இணைப்புகளைத் திறக்கும். சிறு தடுமாற்றம் பெரிய முடக்கமாகிவிடும். லைவ்னெஸ் செயலி உயிரோடு இருக்கிறதா என்று மட்டும் கேட்கட்டும்.

குபர்நெட்டிஸின் இயல்பு மதிப்புகள்: 10 விநாடிக்கு ஒரு சோதனை, பதிலுக்கு 1 விநாடி அவகாசம், தொடர்ந்து 3 முறை தோற்றால் தோல்வி. எழுந்திருக்க 40 விநாடி எடுக்கும் ஜாவா செயலிக்கு இதை அப்படியே விட்டால், எழுவதற்குள் அடித்து வீழ்த்தப்பட்டுக்கொண்டே இருக்கும். அப்படியான செயலிக்கு ‘ஸ்டார்ட்அப்’ சோதனையைத் தனியாகச் சேர்த்து, தாராளமாக நேரம் கொடுங்கள்.

மூன்றாவது, மாற்றும் முறை. ‘ரோலிங்’ என்பது பழைய பிரதிகளைக் கொஞ்சம் கொஞ்சமாக விலக்கி, புதியவற்றைக் கொண்டுவருவது. ‘ரீகிரியேட்’ எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு புதியதைத் தொடங்கும். இடையில் செயலி கிடைக்காது. ரோலிங்கில் இயல்பாக 25% கூடுதல் பிரதிக்கு அனுமதி, 25% குறைவுக்கு அனுமதி. நம்மிடம் 2 பிரதிகள்தான். கூடுதல் எண்ணிக்கை மேல்நோக்கி முழுமையாக்கப்பட்டு 1 ஆகும், குறைவு கீழ்நோக்கி முழுமையாக்கப்பட்டு 0 ஆகும். அதாவது, மூன்றாவது பிரதி எழுந்து ‘தயார்’ என்று சொன்ன பிறகே பழையது ஒன்று விலகும். வாசகர்களுக்குத் தடையே தெரியாது, நல்லது. ஆனால் மூன்றாவதுக்கு இடம் வேண்டுமே! இயந்திரத்தைக் கூட்டிக்கொள்ள கிளவுடில் வழி இருக்கும். மெமரி முழுக்க ஒதுக்கப்பட்டுவிட்ட சொந்த சர்வரில் அந்தப் பிரதி ‘பெண்டிங்’ ஆக நிற்கும், வெளியீடு பாதியில் உறைந்துவிடும். ஒரு பிரதிக்கான இடத்தை எப்போதும் காலியாக வைத்திருங்கள்.

இவ்வளவும் பார்த்த பிறகு ‘கிரியேட்’ அழுத்துங்கள்.

## வெளியுலகுக்குத் திறப்பது

செயலிக்கு முன்னால், பிரதிகளுக்கெல்லாம் ஒரே உள்முகவரியாக நிற்கும் ஒரு ‘சர்வீஸ்’, அதற்கு முன்னால், வெளிக் கோரிக்கைகளை அதற்கு அனுப்பும் ‘இன்கிரெஸ்’ அல்லது ஓப்பன்ஷிஃப்டில் ‘ரூட்’ (Route; முன்பு சொன்ன ரூட் பயனர் வேறு). டொமைன் பெயரைக் கொடுத்து, அந்தப் பெயர் லோட் பேலன்சரின் முகவரிக்குப் போகும்படி டிஎன்எஸ் பதிவை மாற்ற வேண்டும். பழைய சர்வரிலிருந்து இடம் மாறுகிறீர்கள் என்றால், டிஎன்எஸ் பதிவின் ஆயுளை முந்தின நாளே 300 விநாடி மாதிரிக் குறைத்துவிடுங்கள். மாற்றும் நாளில் குறைத்தால், பழைய நீண்ட ஆயுளோடு நினைவில் வைத்திருப்பவர்கள் பழைய முகவரிக்கே போய்க்கொண்டிருப்பார்கள். பழைய சர்வரை உடனே அணைக்காமல் ஓரிரு நாள் ஓடவிடுவதும் திரும்பி வரும் வழிதான்.

சான்றிதழுக்கு லெட்ஸ் என்கிரிப்ட் என்ற அமைப்பு இலவசமாக 90 நாள் சான்றிதழ் தருகிறது. தானாகப் புதுப்பிக்கும்படி அமைத்தே ஆக வேண்டும். டொமைன் உங்களுடையதுதான் என்று காட்டும் ஹெச்டிடிபி வழிச் சரிபார்ப்புக்கு 80 போர்ட் இணையத்திலிருந்து எட்ட வேண்டும். ‘எல்லாம் 443 தானே’ என்று 80-ஐ மூடியவர்களுக்கு, முதல் புதுப்பிப்பு நாளில்தான் பிரச்சினை தெரியவரும். அலுவலகத்துக்குள் மட்டும் ஓடும் சர்வர் என்றால் டிஎன்எஸ் வழிச் சரிபார்ப்பைப் பயன்படுத்துங்கள், அல்லது நிறுவனத்தின் சொந்தச் சான்றிதழ் ஆணையத்திடம் வாங்குங்கள்.

## ஏறவில்லை என்றால் எங்கே பார்ப்பது

பிரதியின் நிலையே பாதி பதிலைச் சொல்லிவிடும். ‘பெண்டிங்’ என்றால் இடமில்லை அல்லது டிஸ்க் கிடைக்கவில்லை. லாகில் தேடிப் பயனில்லை, செயலி இன்னும் தொடங்கவே இல்லை. ‘ஈவென்ட்ஸ்’ பகுதியைப் பாருங்கள். ‘இமேஜ்புல்பேக்ஆஃப்’ என்றால் இமேஜ் பெயரில் பிழை, ரெஜிஸ்ட்ரி லாகின் இல்லை, அல்லது சர்வரால் ரெஜிஸ்ட்ரியை எட்ட முடியவில்லை. இணையம் இல்லாத சொந்த சர்வர்களில் பெரும்பாலும் கடைசிக் காரணம்தான். இமேஜை உள் ரெஜிஸ்ட்ரிக்கு முதலில் கொண்டுபோக வேண்டும்.

‘கிராஷ்லூப்பேக்ஆஃப்’ என்றால் செயலி எழுந்து எழுந்து விழுகிறது. மறுமுயற்சிகளுக்கு இடையே 10, 20, 40 விநாடி என்று இடைவெளி இரட்டிப்பாகி வழக்கமாக 5 நிமிடம் வரை போகும். அதனால் நீங்கள் சரிசெய்த பிறகும் அசைவு இல்லாதது போலத் தெரியலாம். இப்போதைய லாக் காலியாக இருந்தால், கன்சோலில் ‘முந்தைய கன்டெய்னர்’ என்ற தேர்வு இருக்கும்; விழுந்த காரணம் அங்கேதான் எழுதியிருக்கும். இதைத் தெரியாமல் மணிக்கணக்கில் தேடியவர்கள் நிறைய.

எல்லாம் ஓடுகிறது, ஆனாலும் பக்கம் வரவில்லை என்றால் பிழை எண்ணைக் கவனியுங்கள். 503 என்றால் தயாராக உள்ள பிரதி ஒன்றுகூட இல்லை என்று பெரும்பாலும் பொருள்: ரெடினெஸ் தோற்கிறது, அல்லது சர்வீஸில் கொடுத்த லேபிள் பிரதிகளின் லேபிளோடு பொருந்தவில்லை. 502 என்றால் பிரதி இருக்கிறது, ஆனால் இணைப்பை மறுக்கிறது: தவறான போர்ட், அல்லது அந்த 127.0.0.1. 504 என்றால் இணைப்பு கிடைத்தும் பதில் நேரத்துக்கு வரவில்லை; டேட்டாபேஸுக்கான ஃபயர்வால் விதியை முதலில் சந்தேகியுங்கள்.

## திரும்பி வருவதை ஒத்திகை பார்ப்பது

முதல் பதிப்பு நன்றாக ஓடத் தொடங்கியதும், வாசகர்கள் வருவதற்கு முன் இதைச் செய்யுங்கள். வேண்டுமென்றே இல்லாத ஒரு இமேஜ் எண்ணைக் கொடுத்து இரண்டாம் வெளியீட்டைத் தொடங்குங்கள். புதிய பிரதி சிக்கி நிற்பதையும், பழைய இரண்டும் தொடர்ந்து பதில் சொல்வதையும் கண்ணால் பாருங்கள். இயல்பாக 10 நிமிடத்துக்குப் பிறகு வெளியீடு முன்னேறவில்லை என்று கன்சோல் அறிவிக்கும். ஆனால் தானாகப் பழையதற்குத் திரும்பாது. அதை நீங்கள்தான் செய்ய வேண்டும். ‘ஹிஸ்டரி’ அல்லது ‘ரிவிஷன்’ பக்கத்துக்குப் போய், முந்தையதைத் தேர்ந்து, ‘ரோல்பேக்’ அழுத்துங்கள். எவ்வளவு நேரம் எடுத்தது என்று குறித்துக்கொள்ளுங்கள். குபர்நெட்டிஸ் இயல்பாகக் கடைசி 10 பழைய பதிப்புகளை நினைவில் வைக்கும். ஆனால் அந்தப் பதிப்புகளின் இமேஜ்கள் ரெஜிஸ்ட்ரியில் இருந்தால்தான் பயன். பழைய இமேஜ்களைத் தானாக அழிக்கும் விதி ஏதும் ரெஜிஸ்ட்ரியில் இருக்கிறதா என்று பாருங்கள். பேக்கப்பையும் ஒருமுறை வேறு டேட்டாபேஸில் மீட்டுப் பாருங்கள்.

## ஒரே ஒரு லினக்ஸ் சர்வர்தான் என்றால்

காக்பிட்டை நிறுவி, 9090 போர்ட்டில் பிரவுசரில் திறங்கள். சர்வரின் பயனர் பெயரும் கடவுச்சொல்லுமே லாகின். கன்டெய்னர்களை ஓட்டும் பாட்மேன் என்ற கருவிக்கான கூடுதல் பக்கத்தையும் நிறுவினால், இமேஜை இறக்கி, போர்ட்டையும் என்விரான்மென்ட் வேரியபிள்களையும் கொடுத்து அங்கிருந்தே ஓட்டலாம். சர்வர் மறுதொடக்கம் ஆனாலும் செயலி எழ வேண்டும் என்றால், அதை ஒரு சிஸ்டம்டி சர்வீஸாக (லினக்ஸ் தொடங்கும்போது தானாக எழுப்பும் நிரலாக) அமைத்து, ‘சர்வீசஸ்’ பக்கத்தில் இயக்கி வையுங்கள். பிறகு உண்மையிலேயே ஒருமுறை சர்வரை மறுதொடக்கம் செய்து பாருங்கள். லாக், ஃபயர்வால், டிஸ்க் நிலை எல்லாம் அதே இடத்தில் தெரியும். இங்கே ரோல்பேக் பொத்தான் கிடையாது. பழைய கன்டெய்னரை அழிக்காமல் நிறுத்தி மட்டும் வைத்துவிட்டு, புதியதை வேறு பெயரில் தொடங்குங்கள். சிக்கல் வந்தால் புதியதை நிறுத்திப் பழையதைத் தொடங்க ஒரு நிமிடம்கூட ஆகாது.

## சொடுக்கியதை எழுதி வைப்பது

வெப் கன்சோலின் பெரிய குறை, நாம் செய்த சொடுக்குகள் காற்றோடு போய்விடுவது. ஆறு மாதம் கழித்து இன்னொரு சர்வரில் இதே செயலியை ஏற்றச் சொன்னால், எந்தப் பெட்டியில் எந்த எண்ணை இட்டோம் என்று யாருக்கும் நினைவிருக்காது. நல்ல வேளையாக, குபர்நெட்டிஸ் மேல் நிற்கும் கன்சோல்கள் பெரும்பாலானவற்றில் ‘யாமல்’ (அமைப்புகளை எழுத்தாகக் காட்டும் கோப்பு வடிவம்) காட்டும் தேர்வு உண்டு. டிப்ளாய்மென்ட், சர்வீஸ், இன்கிரெஸ் ஒவ்வொன்றின் யாமலையும் இறக்கி, மூல நிரலோடு கிட் களஞ்சியத்தில் போடுங்கள். சீக்ரெட்டை மட்டும் போடாதீர்கள். அதன் பெயரையும் அதிலுள்ள சாவிகளின் பெயர்களையும் எழுதினால் போதும். நிலை, உருவான நேரம் போன்ற, கன்சோல் தானே சேர்த்த வரிகளை நீக்கிவிடுங்கள். அடுத்த முறை கன்சோலில் ஒரு எண்ணை மாற்றினால் அன்றே கோப்பிலும் மாற்றுங்கள்.

அப்புறம் ஒத்திகைக்காக உருவாக்கியவற்றைத் துடைத்துவிடுங்கள். கிளவுடில் செயலியை அழித்தாலும், அதோடு வந்த டிஸ்க்குகள், லோட் பேலன்சர், ஒதுக்கிய ஐபி முகவரி ஆகியவை தனியாக நின்று கட்டணம் ஏறிக்கொண்டிருக்கலாம். கணக்கின் பில்லிங் பக்கத்தில் ஒரு வரம்பு எச்சரிக்கை வைத்துவிட்டு, இரண்டு நாள் கழித்து ஒருமுறை திறந்து பாருங்கள்.